வினைவேகச் சோதனையை உருப்படியாகச் செய்வது எப்படி

வினைவேகத்தை, அதாவது ஒரு வேதிவினை நடக்கும் வேகத்தை, பாதிக்கும் காரணிகள் என்னென்ன என்று கேட்டால் பத்தாம் வகுப்புப் பிள்ளைகூட மூச்சுவிடாமல் ஒப்பித்துவிடும்: வினைபடு பொருளின் தன்மை, செறிவு, வெப்பநிலை, புறப்பரப்பு, வினையூக்கி (தான் செலவாகாமல் வினையை வேகப்படுத்தும் பொருள்), வாயுவாக இருந்தால் அழுத்தம். மார்க் வாங்க அது போதும். ஆனால் இதில் ஏதாவது ஒன்றை ஆய்வகத்தில் செய்து, எண்ணாக எழுதி, வரைபடம் போட்டுக் காட்டு என்றால் பாதிப் பேருடைய கோடு எங்கெங்கோ போகும். மருந்து பழசு, ஸ்டாப்வாட்ச் சரியில்லை என்று எதன் மேலாவது பழி போடுவோம். பெரும்பாலும் விஷயம் அதில் இல்லை. நாம் ஒரு காரணியை மாற்றிக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று நமக்குத் தெரியாமல் கூடவே மாறியிருக்கும். அதைப் பிடிக்கத் தெரிந்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது.

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம், கோபாலபுரம் என்று இந்தக் கேரள-தமிழ்நாடு எல்லையோரப் பள்ளிகளில் இந்தத் தொல்லை கொஞ்சம் கூடுதல். பாலக்காட்டுக் கணவாய்க்குள் இருக்கிறோம். பிப்ரவரி, மார்ச்சில் காலை ஒன்பது மணிக்கு ஆய்வகத்தில் 26 டிகிரி இருந்தால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு 36 காட்டும், ஓட்டுக் கட்டடமாக இருந்தால் இன்னும் மேலே. பல சாதாரண வினைகளுக்கு வெப்பநிலை 10 டிகிரி ஏறினால் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். இப்போது யோசித்துப் பாருங்கள். செறிவு குறையக் குறைய வேகம் எப்படிக் குறைகிறது என்று காட்டுவதற்காக, செறிவு அதிகமான கரைசலில் காலையில் ஆரம்பித்து, நீர்த்த கரைசலை மதியம் செய்கிறீர்கள். செறிவு குறைந்ததால் குறைய வேண்டிய வேகத்தில் ஒரு பங்கை வெயில் ஈடுகட்டிவிடும். கோடு படுத்துவிடும். வரிசையைத் திருப்பிச் செய்தால் செறிவின் விளைவு இருப்பதைவிடப் பெரிதாகத் தெரியும். இரண்டிலும் கணக்கு சுத்தமாக இருக்கும், முடிவு மட்டும் தப்பாக இருக்கும்.

இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு அகலமான பிளாஸ்டிக் டப்பில் தண்ணீர் நிரப்பி, எல்லாக் குடுவைகளையும் கரைசல் பாட்டில்களையும் அதில் கால்மணி நேரம் உட்கார வைத்தால் எல்லாம் ஒரே வெப்பநிலைக்கு வந்துவிடும். டப்பில் ஒரு தெர்மாமீட்டரை நிறுத்தி ஒவ்வொரு முறையும் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம், செய்கிற வரிசையைக் கலைத்துப் போடுங்கள்: எடுக்கும் கரைசலின் அளவு 50, 10, 30, 20, 40 மி.லி. என்று மாறிமாறி வரட்டும். ஏதாவது மெல்ல மாறிக்கொண்டிருந்தால்கூட அது ஒரே பக்கமாகச் சாயாது.

ஹைப்போவில் தொடங்குங்கள்

பள்ளியில் செய்யக்கூடியவற்றில் எனக்குப் பிடித்தது சோடியம் தயோசல்பேட்டும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும்தான். தயோசல்பேட்டின் இன்னொரு பெயர்தான் ஹைப்போ, அது என்றால் பழைய போட்டோ ஸ்டுடியோக்காரர்களுக்குத் தெரியும், ஃபிலிம் கழுவ அதைத்தான் பயன்படுத்தினார்கள். இப்போதும் மீன்தொட்டிக் கடைகளில், தண்ணீரில் உள்ள குளோரினை எடுக்க என்று அதே பொருளை விற்கிறார்கள். அமிலம் சேர்ந்ததும் கந்தகம் மிக நுண்ணிய துகளாகப் பிரிந்து கரைசல் பாலாக மங்கும். குடுவைக்கு அடியில் ஒரு தாளில் பேனாவால் பெருக்கல் குறி போட்டு, அது மேலிருந்து பார்க்கும்போது மறையும் நேரத்தை அளக்க வேண்டும். அவ்வளவுதான் சோதனை.

0.1 மோலார் (லிட்டருக்கு 0.1 மோல்) கரைசலுக்கு, ஐந்து நீர்மூலக்கூறுகள் சேர்ந்த படிகத்தில் 6.2 கிராம் எடுத்து, கொஞ்சம் நீரில் கரைத்து, மொத்தம் 250 மி.லி. வரும்வரை நீர் சேர்க்கவும். ஐந்து குடுவைகளுக்கு 50, 40, 30, 20, 10 என்று எடுத்தால் ஒரு சுற்றுக்கு 150 மி.லி. செலவாகும். மூன்று சுற்று செய்யப்போகிறீர்கள் என்றால் (செய்யத்தான் வேண்டும்) 12.4 கிராம் எடுத்து அரை லிட்டராகவே ஒரே தடவையில் கரைத்துவிடுங்கள். பாதியில் தீர்ந்து மறுபடி கரைத்தால் இரண்டு கரைசலும் துல்லியமாக ஒன்றாக இருக்காது. கரைசல் நாள்கணக்கில் வைத்தால் கெட்டுப்போகும், அன்றன்றைக்குக் கரைப்பதே நல்லது.

ஒவ்வொரு குடுவையிலும் தயோசல்பேட்டும் நீரும் சேர்ந்து 50 மி.லி. இருக்க வேண்டும். அதாவது 40 எடுத்தால் 10 நீர், 10 எடுத்தால் 40 நீர். கடைசியாக 1 மோலார் அமிலம் 10 மி.லி. ஊற்றி, ஒரே ஒரு சுழற்று சுழற்றி, குறியின் மேல் வைத்து, மேலிருந்து பார்க்கவும். பாதி அமிலம் விழும்போதே ஸ்டாப்வாட்சை அழுத்துவது என்று வைத்துக்கொண்டால் எல்லாச் சுற்றிலும் அப்படியே செய்யுங்கள்.

மொத்தக் கன அளவு ஏன் மாறக்கூடாது என்று வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேட்பார்கள், பலருக்கும் பதில் வராது. இரண்டு காரணம். ஒன்று, மொத்தம் மாறினால் அமிலத்தின் செறிவும் சேர்ந்து மாறிவிடும், அப்போது எதனால் வேகம் மாறியது என்று சொல்ல முடியாது. இரண்டாவது, குறி மறைவது கரைசலின் ஆழத்தைப் பொறுத்தது. ஆழம் ஒன்றாக இருந்தால்தான் ஏறக்குறைய ஒரே அளவு கந்தகம் பிரிந்தபோது குறி மறைகிறது என்று சொல்ல முடியும். இதே காரணத்துக்காகக் குடுவையின் அளவையும் மாற்றாதீர்கள், குறி போட்ட தாளையும் மாற்றாதீர்கள், பார்க்கிற ஆளையும் மாற்றாதீர்கள். ஒருத்தருக்கு மறைந்தது இன்னொருத்தருக்கு இன்னும் தெரியும். மேகம் மூடினால் வெளிச்சம் மாறும் என்பதால் ஜன்னல் ஓரத்தைவிட ட்யூப்லைட்டுக்கு அடியில் செய்வது மேல்.

நீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். போர் தண்ணீரில் பைகார்பனேட் இருக்கும், அது அமிலத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும். இதில் உள்ள குறும்பு என்னவென்றால், அதிகமாக நீர்த்த குடுவையில்தான் அதிக நீர் இருக்கிறது, அதனால் அங்கேதான் அமிலம் அதிகமாகக் குறையும். செறிவு குறைந்ததால் வேகம் குறைந்ததா, அமிலம் குறைந்ததாலா? பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டர் வாங்கிக்கொண்டால் இந்தக் கேள்வியே வராது.

ஒரு சுற்று முடிந்ததும் குடுவையை உடனே கழுவுங்கள். கந்தகம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டால் அடுத்த தடவை குறி சீக்கிரமே மறையும். கழுவி ஊற்றுவதற்கு முன் ஒரு வாளியில் சலவைச் சோடாக் கரைசலை வைத்துக்கொண்டு அதில் கொட்டினால் மிச்ச அமிலமும், வினையில் உண்டாகி அதில் கரைந்திருக்கும் கந்தக டை ஆக்சைடும் செயலிழந்துவிடும். இந்த வாயு மூச்சுக்கு ஆகாதது. வீசிங், ஆஸ்துமா உள்ள பிள்ளைகள் இதைச் செய்ய வேண்டாம், அவர்கள் நேரம் குறிக்கட்டும், அதுவும் ஜன்னல் பக்கம் நின்று. மற்றவர்களும் குடுவையின் வாய்க்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு பார்க்காமல் கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள், பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். 1 மோலார் அமிலத்தை மாஷோ டீச்சரோ தயார் செய்து தரட்டும். அடர் அமிலத்தில் பிள்ளைகள் கை வைக்க வேண்டியதில்லை. அமிலம் இல்லை என்று கக்கூஸ் கழுவுகிற ஆசிடை எடுத்து வருகிறவர்களையும் பார்த்திருக்கிறேன், அதில் சாயமும் நுரைப்பொருளும் கலந்திருக்கும், செறிவும் தெரியாது. போதாக்குறைக்கு அது பிளீச்சிங் பவுடரோடு சேர்ந்தால் குளோரின் வாயு வரும். அந்தப் பக்கமே போகாதீர்கள்.

கிடைத்த நேரத்தை அப்படியே வரைபடத்தில் போட்டால் வளைந்த கோடுதான் வரும். 1-ஐ நேரத்தால் வகுத்து வரும் எண்ணை செங்குத்து அச்சிலும், தயோசல்பேட்டின் கன அளவைக் கிடை அச்சிலும் போடுங்கள். நேர்கோடு வர வேண்டும். 50 மி.லி. குடுவைக்கு 30 விநாடி ஆனால் 25-க்கு 60, 10-க்கு 150 என்ற கணக்கில் இருக்கும், முன்னே பின்னே ஆகலாம். ஒரு புள்ளி மட்டும் தனியாக ஓடிப்போயிருந்தால் அழித்துவிட்டு நல்ல எண்ணாக எழுதாதீர்கள். அந்தப் புள்ளியையும் போட்டு வட்டமிட்டு, மறுபடி செய்தபோது என்ன வந்தது என்று பக்கத்தில் எழுதுங்கள். தேர்வாளர் புத்தகத்து விடையை ஆயிரம் தடவை பார்த்தவர், கைவைத்த எண் அவருக்கு ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

வெப்பநிலை

அதே கரைசல்தான், அதே குறிதான். இந்தத் தடவை செறிவை நிறுத்திவைத்து வெப்பநிலையை மாற்றுகிறோம். புத்தகத்தில் அறை வெப்பநிலையில் ஆரம்பித்து 60 டிகிரி வரை போகச் சொல்லியிருக்கும். நம் ஊரில் அறை வெப்பநிலையே 33, 34 என்னும்போது மேலே போக இடம் குறைவு. 50-ஐத் தாண்டினால் வாயு அதிகமாக வெளியேறும், வினையும் சட்டென்று முடிந்துவிடும், ஸ்டாப்வாட்சை அழுத்துவதில் ஏற்படும் அரை விநாடித் தாமதமே பெரிய பிழையாகிவிடும். அதனால் கீழே போங்கள். பெட்டிக்கடையில் வாங்கிய ஐஸைப் போட்டு 15 டிகிரி, மண்பானைத் தண்ணீரில் 24, 25, பிறகு அறை வெப்பநிலை, பிறகு 42. கணவாய்க் காற்று வறண்டு அடிக்கிற மாதங்களில் பானைத் தண்ணீர் நன்றாகவே குளிர்ந்திருக்கும், மழைக்காலத்தில் அவ்வளவு குளிராது. எப்படியும் தெர்மாமீட்டர் சொல்வதைத்தான் எழுத வேண்டும், நாம் நினைத்ததை இல்லை.

முக்கியமான விஷயம்: தயோசல்பேட்டை மட்டும் சூடாக்கி, அலமாரியிலிருந்து எடுத்த அமிலத்தை ஊற்றாதீர்கள். இரண்டையும் தனித்தனிக் குழாயில் ஒரே தண்ணீர்த் தொட்டியில் வைத்து, இரண்டும் ஒரே அளவுக்கு வந்த பிறகு கலக்குங்கள். கலந்ததும் ஒரு முறை, குறி மறைந்ததும் ஒரு முறை வெப்பநிலையைப் பார்த்து, சராசரியை எழுதுங்கள். குளிர்ந்த கரைசல் வினை முடிவதற்குள் சூடேறிவிடும், சூடான கரைசல் ஆறிவிடும். 15 என்று ஆரம்பித்தது 18-ல் முடிந்திருக்கும். அதை மறைக்கத் தேவையில்லை.

ஏன் வேகம் கூடுகிறது? மூலக்கூறுகள் வேகமாக ஓடி அடிக்கடி மோதுவதால் என்று எழுதிவிட்டு நிறுத்துகிறோம். அது பாதிக்குப் பாதிகூட இல்லை. 27 டிகிரியிலிருந்து 37-க்குப் போனால் கெல்வினில் அது 300-லிருந்து 310. மூலக்கூறின் சராசரி வேகம் வெப்பநிலையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது, ஆகவே அது 2 சதவீதம்கூடக் கூடாது. 2 சதவீதம் வேகமாக ஓடி இரண்டு மடங்கு வினை எப்படி நடக்கும்? மோதுகிற எல்லா மூலக்கூறும் வினைபுரிவதில்லை, கிளர்வு ஆற்றல் என்ற வாசலைத் தாண்டும் அளவுக்கு ஆற்றல் உள்ளவைதான் வினைபுரியும். 10 டிகிரி ஏறும்போது அந்த அளவு ஆற்றல் உள்ளவற்றின் எண்ணிக்கைதான் மடமடவென்று கூடுகிறது. 1889-ல் அர்ஹீனியஸ் இதைச் சமன்பாடாக எழுதினார். இரண்டு மடங்கு என்பதும் எல்லா வினைக்கும் பொருந்தும் சட்டம் இல்லை, கிளர்வு ஆற்றல் ஒரு மோலுக்கு 50 கிலோஜூல் பக்கம் இருக்கும் வினைகளுக்கு அறை வெப்பநிலையை ஒட்டி அப்படி வரும். உங்கள் சோதனையில் 1.7 வந்தால் பதறாதீர்கள், 1.7 என்றே எழுதுங்கள்.

பாலக்காட்டுச் சித்தூர் பக்கம் கள் இறக்குகிறவர்களுக்கு இதெல்லாம் பாடம் படிக்காமலே தெரியும். விடியலில் இறக்கிய தென்னங்கள் குளிர்ச்சியில் இனிப்பாக இருக்கும், வெயில் ஏற ஏறப் புளிப்பு ஏறும், கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவி வைத்தால் புளிக்கவே புளிக்காது, ஏனென்றால் அந்தக் காரத்தில் ஈஸ்ட் வேலை செய்யாது. வேகத்தைக் கூட்டுவது மட்டுமல்ல, தடுப்பதும் இந்தப் பாடத்தில்தான் வருகிறது.

புறப்பரப்பு

வாளையாரிலும் மதுக்கரையிலும் சிமெண்டுக்கு உதவுகிற சுண்ணாம்புக்கல் இருக்கிறது, கோவை ரோட்டில் மார்பிள் கடைகளில் உடைந்த துண்டு சும்மாவே தருவார்கள். கிரானைட்டை எடுத்து வந்துவிடாதீர்கள், அது அமிலத்தில் பொங்காது. ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். கிடைக்கவில்லையென்றால் முட்டை ஓடு, அதுவும் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட்தான், உள்சவ்வை உரித்துவிட்டுக் காய வைத்துக்கொள்ளவும்.

கல்லை உடைத்து, மணல் சல்லடை, ரவை சல்லடை, மாவு சல்லடை மூன்றிலும் சலித்துப் பிரித்தால் பெரிது, நடுத்தரம், தூள் என்று மூன்று அளவு கிடைக்கும். பெரிய துண்டுகளைக் கழுவிக் காய வைக்கவும். இதை யாரும் செய்வதில்லை. துண்டின் மேல் ஒட்டியிருக்கும் தூளே முதல் சில விநாடிகளில் பொங்கிவிட்டு, பெரிய துண்டும் வேகமாக வினைபுரிவது போலக் காட்டும். ஒரு செ.மீ. பக்கமுள்ள கனசதுரத்தின் புறப்பரப்பு 6 சதுர செ.மீ. அதையே ஒரு மி.மீ. கனசதுரங்களாக ஆயிரமாக வெட்டினால் 60 சதுர செ.மீ. நிறை மாறவில்லை, பரப்பு பத்து மடங்கு.

அமிலத்தில் கந்தக அமிலம் வேண்டாம், கால்சியம் சல்பேட் கல்லின் மேல் படலமாகப் படிந்து வினையை அடக்கிவிடும். ஹைட்ரோகுளோரிக் அமிலமோ வினிகரோ எடுக்கலாம். வினிகரில் மெதுவாக நடக்கும், வீட்டில் செய்ய அது போதும்.

வேகத்தை எப்படி அளப்பது? வாயு வெளியேறுவதால் நிறை குறையும், ஆகவே குடுவையைத் தராசில் வைத்து அரை நிமிடத்துக்கு ஒரு முறை குறிக்கலாம். 1 மோலார் அமிலம் 50 மி.லி. முழுக்கத் தீர்ந்தாலும் வெளிவரும் கார்பன் டை ஆக்சைடு 1.1 கிராம்தான், அதனால் ஒரு கிராம் காட்டும் சமையலறைத் தராசு உதவாது, நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசு வேண்டும். குடுவை வாயில் லேசாகப் பஞ்சு வைத்தால் வாயு போகும், தெறிக்கும் அமிலத்துளி போகாது. தராசு இல்லையென்றால் மெடிக்கல் ஷாப்பில் 50 மி.லி. சிரிஞ்ச் (ஊசி வேண்டாம்) வாங்கி, ரப்பர் குழாயால் குடுவையோடு இணைத்து, வாயுவை அதில் பிடிக்கலாம். ஆனால் கணக்குப் போட்டுவிட்டு இறங்குங்கள்: 0.1 கிராம் கால்சியம் கார்பனேட் அறை வெப்பநிலையில் சுமார் 24 மி.லி. வாயு தரும். அரை கிராம் போட்டால் சிரிஞ்சின் தண்டு பறந்துவிடும். தண்ணீரில் கவிழ்த்த அளவுஜாடியில் பிடிப்பவர்கள் கவனிக்க, கார்பன் டை ஆக்சைடு நீரில் கொஞ்சம் கரையும், அதனால் அளவு குறைவாகக் காட்டும்.

மூன்று அளவுத் துண்டுக்கும் ஒரே நிறை கல், ஒரே அமிலம் என்றால் கடைசியில் மூன்றும் ஒரே அளவு வாயுவில் போய் நிற்கும், தூளின் கோடு மட்டும் தொடக்கத்தில் செங்குத்தாக ஏறும். வேகம் என்பது அந்தத் தொடக்கச் சரிவுதான். கடைசி உயரத்தை வேகம் என்று எழுதுகிறவர்கள் நிறைய.

வினையூக்கி, அப்புறம் வீட்டில் செய்யக்கூடியது

மருந்துக்கடையில் ஹைட்ரஜன் பெராக்சைடு கேட்டால் பாட்டிலில் 20 வால்யூம் என்று போட்டிருக்கும், அது சுமார் 6 சதவீதம், ஒரு மி.லி. முழுக்கச் சிதைந்தால் 20 மி.லி. ஆக்சிஜன் வரும் என்று அர்த்தம். அதே அளவு நீர் சேர்த்தால் 3 சதவீதமாகிவிடும், அது போதும். ஒரு குழாயில் ஒன்றும் போடாமல், ஒன்றில் மாங்கனீசு டை ஆக்சைடு ஒரு சிட்டிகை, ஒன்றில் பச்சை உருளைக்கிழங்குத் துண்டு, ஒன்றில் வேகவைத்த உருளைக்கிழங்கு. பச்சைக் கிழங்கு பொங்கும், வேகவைத்தது சும்மா கிடக்கும். கிழங்கில் உள்ள கேட்டலேஸ் என்ற நொதி சூட்டில் உருக்குலைந்துவிடுகிறது. ஒரு சொட்டு சோப்புக் கரைசல் விட்டால் நுரையின் உயரத்தை ஸ்கேலால் அளக்கலாம். கிழங்குத் துண்டுகள் ஒரே அளவில் இருக்க வேண்டும், இல்லையென்றால் இதிலும் புறப்பரப்பு நுழைந்துவிடும். வினையூக்கி செலவாகவில்லை என்று காட்ட மாங்கனீசு டை ஆக்சைடை வடிகட்டி, கழுவி, காயவைத்து மறுபடி எடை போடுங்கள். அதை எடுப்பதற்காகப் பழைய டார்ச் செல்லை உடைக்க வேண்டாம்.

வீட்டில் அமிலமே இல்லாமல் செய்ய, தண்ணீரில் போட்டால் பொங்கும் வைட்டமின் மாத்திரை நல்லது. ஐஸ் தண்ணீர், பானைத் தண்ணீர், வெந்நீர் மூன்றிலும் ஒரே அளவு நீரில் ஒரு மாத்திரை, கரையும் நேரம். முழு மாத்திரை, நாலாக உடைத்தது, பொடித்தது என்று புறப்பரப்பையும் அதிலேயே பார்க்கலாம். கலக்கினால் எல்லாவற்றையும் கலக்குங்கள், இல்லையென்றால் எதையும் கலக்காதீர்கள்.

சாஸ்த்ரோத்சவத்துக்கு (கேரளப் பள்ளி அறிவியல் விழாவுக்கு) பார்வைக்கும் நன்றாக இருக்க வேண்டும் என்றால் அயோடின் கடிகாரம். வைட்டமின் சி மாத்திரையைப் பொடித்துக் கரைத்து, அதில் டிங்ச்சர் அயோடினை விட்டால் பழுப்பு நிறம் போய்விடும். இன்னொரு குவளையில் பெராக்சைடும் சோற்றுக் கஞ்சித் தண்ணீரும். இரண்டையும் கலந்தால் சிறிது நேரம் ஒன்றுமே நடக்காது, பிறகு சட்டென்று கருநீலமாகும். உள்ளே உருவாகும் அயோடினை வைட்டமின் சி தீரும்வரை விழுங்கிக்கொண்டே இருக்கிறது, அது தீர்ந்த நொடியில் கஞ்சியின் ஸ்டார்ச் நிறம் காட்டுகிறது. பெராக்சைடைப் பாதியாக்கி, குறைத்த அளவுக்கு நீர் சேர்த்தால் நேரம் நீளும். இங்கேயும் மொத்த அளவு மாறக்கூடாது. கஞ்சி ஆறியிருக்க வேண்டும். சட்டையில் பட்ட அயோடின் கறைக்குக் கொஞ்சம் ஹைப்போக் கரைசல் போதும், தொட்டதும் போய்விடும்.